கேட்காமலே வாங்க முடிகிற கடை

கடை நடத்துகிற நமக்குக் கல்லாவின் எதிர்ப்பக்கம் நின்று பார்க்கும் வாய்ப்பு அதிகம் கிடைப்பதில்லை. சரக்கின் பெயர் தெரியாமல், விலைச்சீட்டைப் படிக்க முடியாமல், வாய் திறந்து கேட்கவும் மொழி இல்லாமல் ஒரு கடையில் நிற்பவரின் பாடு என்ன என்பது பட்டால்தான் தெரியும். 2025-ஆம் ஆண்டு மார்ச் கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் மகன் வீட்டில் நாங்கள் கணவன், மனைவி இருவரும் தங்கியிருந்தோம். 40 ஆண்டுகளாகப் பருப்பும் பலசரக்கும் மொத்த வியாபாரம் செய்துவரும் நாங்கள், அந்த மூன்று மாதமும் எழுத்தறியாத வாடிக்கையாளராக இருந்தோம்.

மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். காய்கறி, பால், அரிசி வாங்குவதும், வெளியே ஏதாவது வேலை இருந்தால் ரயில் ஏறிப் போய் முடித்து வருவதும் எங்கள் பொறுப்பாயிற்று. ஆகவே ஊர் சுற்றிப் பார்த்த கதையை இங்கே எழுதப்போவதில்லை. அன்றாடம் ரயில் ஏறியதிலும் கடை ஏறியதிலும் கண்டவற்றில், நம் சங்கத்து உறுப்பினர்களுக்குப் பயன்படக்கூடியதை மட்டும் எழுதுகிறோம்.

தங்கிய இடம்

டோக்கியோவின் கிழக்குப் பகுதியில் எடோகாவா என்ற வட்டம் இருக்கிறது. அதில் நிஷி-கசாய் என்ற பகுதியில் மகன் குடியிருக்கிறார். 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கணினிப் பொறியாளர்கள் நம் நாட்டிலிருந்து நிறையப் பேர் அங்கே போனார்கள். வங்கிகளும் பெரிய அலுவலகங்களும் உள்ள ஓத்தேமாச்சிக்கு அங்கிருந்து ஒரே ரயிலில் போகலாம் என்பதால், அந்தப் பகுதியிலேயே குடியேறினார்கள். அவர்களுக்கு முன்பே தேயிலை இறக்குமதி வியாபாரி ஒருவர் அங்கே வந்து குடியமர்ந்திருந்தார் என்பது நம் இனத்துக்குப் பெருமை. துவரம்பருப்பு, உளுந்து, புளி, பெருங்காயம் எல்லாம் விற்கும் இந்திய மளிகைக் கடைகள் அங்கே உண்டு. ஆனால் தினசரிக் காய்கறிக்கும் பாலுக்கும் ஜப்பானியர் கடைக்குத்தான் போகவேண்டும்.

கணக்குக்கு ஒன்று சொல்லிவிடுகிறோம். நாங்கள் இருந்த சமயத்தில் 100 யென் என்பது நம் பணத்தில் ஏறக்குறைய 60 ரூபாய்.

பெயர் படிக்க முடியாதவருக்கு எண்

டோக்கியோவில் சுரங்க ரயில் தடங்கள் 13. அவற்றுள் 9 ஒரு நிறுவனத்தாருடையவை, 4 மாநகர அரசுடையவை. இவை போக, மேலே ஓடும் ரயில்கள் தனி. ஊர்ப் பெயர்களோ சீன எழுத்தில் இருக்கும். புதிதாகப் போகிறவர் மலைத்துப் போகவேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறமும் ஓர் ஆங்கில எழுத்தும், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். 2004 முதல் இந்த ஏற்பாடு. எங்கள் தடத்துக்கு நிறம் வான்நீலம். எங்கள் நிலையம் டி-16. கடைவீதியான நிஹோம்பாஷி டி-10. பதினாறிலிருந்து பத்து வரை எண்ணிக்கொண்டே போனால் இறங்கவேண்டிய இடம் வந்துவிடும். பெயரைப் படிக்கத் தேவையில்லை, யாரையும் கேட்கவும் தேவையில்லை. எங்கள் வீட்டு அம்மையார் இரண்டாம் வாரமே தனியாகப் போய்வரத் தொடங்கிவிட்டார்.

நடைமேடையில் ரயில் கதவு எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டில் வரிசையாக நிற்கிறார்கள். இறங்குகிறவர்கள் இறங்கிய பிறகே ஏறுகிறார்கள். வண்டிக்குள் செல்போனில் சத்தமாகப் பேசுவோர் இல்லை. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்கிறார்கள். நகரும் படிக்கட்டில் டோக்கியோவில் இடப்பக்கம் நிற்கிறார்கள், ஒசாகாவில் வலப்பக்கம் நிற்கிறார்கள். இவையெல்லாம் பார்த்துப் பழகிக்கொள்ளும் சங்கதிகள்தாம்.

தரையில் புடைப்புள்ள மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பதை நம் ஊர் ரயில் நிலையங்களிலும் இப்போது பார்க்கிறோம். கண் தெரியாதவர்கள் காலால் தடவி நடப்பதற்கு அது. அதைக் கண்டுபிடித்ததே ஜப்பானில்தான். ஒகயாமா என்ற ஊரில் 1967-இல் முதன்முதலில் ஒரு சாலை ஓரம் பதித்தார்கள். கேட்க முடியாதவர், பார்க்க முடியாதவர், படிக்க முடியாதவர் என்று ஒவ்வொருவரையும் மனத்தில் வைத்து ஏற்பாடு செய்கிற பழக்கம் அந்த நாட்டில் நெடுநாளாகவே இருந்திருக்கிறது.

போட்டியாளர்கள் சேர்ந்த ஓர் அட்டை

ரயில் கட்டணத்துக்கு அட்டை உண்டு. ஒரு நிறுவனத்தின் அட்டைக்கு சுயிக்கா என்று பெயர், 2001-இல் வந்தது. மற்ற ரயில், பேருந்து நிறுவனங்கள் சேர்ந்து 2007-இல் பாஸ்மோ என்ற அட்டையைக் கொண்டுவந்தன. 500 யென் முன்பணம் கட்டி அட்டை வாங்கி, அதில் 20,000 யென் வரை பணம் ஏற்றி வைக்கலாம். வாயிலில் தொட்டால் கதவு திறக்கும், இறங்கும் இடத்தில் தொட்டால் கட்டணம் கழியும். இதே அட்டையைக் கொடுத்துக் கடையில் ஒரு பாட்டில் தண்ணீரும் வாங்கலாம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாட்டின் பல பகுதிகளிலும் தனித்தனியாக இருந்த 10 வகை அட்டைகள், 2013 மார்ச் முதல் ஒன்றின் எல்லையில் மற்றொன்று செல்லும் என்று ஆயின. ஒருவருக்கொருவர் போட்டியான நிறுவனங்கள், பயணிக்குத் தொல்லை கூடாது என்பதற்காக ஒரு மேசையில் உட்கார்ந்து பேசி முடித்தன. ஒரே தெருவில் இருக்கும் பத்துக் கடைக்காரர்கள் ஒரு பொது ஏற்பாட்டுக்கு ஒத்துவர எத்தனை கூட்டம் போடவேண்டியிருக்கிறது என்பது சங்கப் பொறுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அட்டை இல்லாமல் காகிதச் சீட்டு எடுப்பவர்களும் உண்டு. எவ்வளவுக்கு எடுப்பது என்று தெரியாவிட்டால் குறைந்த கட்டணச் சீட்டு எடுத்து ஏறிவிடலாம். இறங்கும் நிலையத்தில் வெளிவாயிலுக்கு முன்னால் ஓர் இயந்திரம் இருக்கும். அதில் சீட்டைப் போட்டால் மீதி எவ்வளவு என்று காட்டும், கட்டிவிட்டு வெளியே வரலாம். அபராதம் கிடையாது. தெரியாமல் வருகிறவர் உண்டு என்று முன்கூட்டியே எண்ணி, அவர் தலைகுனியாமல் கணக்கை நேர்செய்துகொள்ள வழி வைத்திருக்கிறார்கள். ரயில் தாமதமானாலோ, அலுவலகம் போகிறவர்களுக்குத் தாமதச் சான்று என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறார்கள். நேரம் தவறியது எங்கள் பக்கம் என்று எழுதிக் கொடுப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

பேருந்தில் மட்டும் ஊருக்கு ஊர் முறை வேறு. டோக்கியோ மாநகரப் பேருந்தில் முன்வாசலில் ஏறும்போதே கட்டணம் (2025-இல் 210 யென்) கட்டவேண்டும், எங்கே இறங்கினாலும் அதே கட்டணம். கியோட்டோ நகரில் பின்வாசலில் ஏறி, முன்வாசலில் இறங்கும்போது கட்டவேண்டும். முன்னே நிற்கிறவர் செய்வதைப் பார்த்துச் செய்துவிடுவதே நல்ல வழி.

இரண்டு விலை ஒட்டிய சீட்டு

இனிக் கடைக்கு வருவோம். பெரிய மளிகை அங்காடியில் எல்லாச் சரக்குக்கும் விலைச்சீட்டு உண்டு. ஒரே சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண் வரி இல்லாத விலை, சிறிய எண் வரியும் சேர்ந்த விலை. வரியோடு சேர்த்து வாடிக்கையாளர் கொடுக்கவேண்டிய மொத்தத்தைக் காட்டியாக வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். விற்பனை வரி 1989-இல் 3 சதவீதமாக வந்து, 1997-இல் 5, 2014-இல் 8, 2019 அக்டோபரில் 10 என்று ஏறியிருக்கிறது. உணவுப் பண்டங்களுக்கு 8 சதவீதத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே ரொட்டியைக் கையில் வாங்கிப் போனால் 8, அந்தக் கடையிலேயே உட்கார்ந்து தின்றால் 10.

வரித் தொல்லை நமக்கு மட்டும் என்று எண்ணவேண்டாம். ஆண்டுக்கு 1 கோடி யென்னுக்கு உட்பட்டு விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அங்கே வரி விலக்கு இருந்தது. 2023 அக்டோபரில் புதிய பில் முறை வந்தது. பதிவு எண் இல்லாதவரிடம் வாங்கினால், வாங்குகிற நிறுவனம் வரிக் கழிவைப் பழையபடி முழுதாகப் பெற முடியாது. ஆகவே விலக்குப் பெற்றிருந்த சிறியவர்கள் பலரும் வேறு வழியின்றிப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

காய்கறியைப் பெரும்பாலும் எடை போடுவதில்லை. முள்ளங்கி ஒன்று இவ்வளவு, வெங்காயம் மூன்று கொண்ட பை இவ்வளவு என்று எண்ணிக்கைக் கணக்கு. முட்டைக்கோஸைப் பாதியாகவும் காலாகவும் வெட்டிப் பாலித்தீன் சுற்றி வைக்கிறார்கள். ஒற்றை ஆளாகக் குடியிருப்பவர்களும் முதியவர்களும் அதிகம் உள்ள நாடு அது. அரைப் பழம் போதும் என்பவரை முழுப் பழம் வாங்கச் சொல்லாமல் விற்கிறார்கள். இறைச்சிக்கு மட்டும் 100 கிராம் விலை எழுதியிருக்கிறது.

எங்களைப் போன்ற சைவ உணவுக்காரர்களுக்கு அங்கே பெரும் சோதனைதான். மீன் காய்ச்சி எடுத்த சாறு குழம்பிலும் ஊறுகாயிலும் இன்னும் எதிர்பாராத பண்டங்களிலும் கலந்திருக்கும். பாக்கெட்டை எடுத்துத் திருப்பினால் ஒன்றும் புரியாது. மகன் செல்போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கும் வழியைக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நின்று படம் பிடித்தால் கடைக்குப் போய்வர ஒன்றரை மணி ஆகும். அப்போதுதான் நம் நாட்டுப் பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியின் அருமை தெரிந்தது. சைவம், அசைவம் என்பதை ஒரு புள்ளியால் எந்த மொழிக்காரருக்கும் காட்டிவிடுகிறோம். அப்படி ஒரு கட்டாயக் குறி ஜப்பானில் இல்லை. எல்லாவற்றிலும் அவர்கள்தாம் மேல் என்பதில்லை, நம்மிடமும் அவர்கள் கற்றுக்கொள்ள உண்டு.

கல்லாவில் ஒரு சிறு தட்டு

பணம் வாங்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். கல்லாவில் ஒரு சிறு தட்டு இருக்கும். பணத்தைக் கையில் கொடுப்பதில்லை, தட்டில் வைக்கிறோம். எவ்வளவு வைத்தோம் என்பது இருவர் கண்ணிலும் படுகிறது. வாங்கியவர் இவ்வளவு பெற்றுக்கொண்டேன் என்று வாயால் சொல்லுகிறார். மீதி கொடுக்கும்போது நோட்டுகளை நம் எதிரே விரித்து எண்ணிக்காட்டிக் கொடுத்த பிறகு, சில்லறையைச் சீட்டோடு சேர்த்துத் தருகிறார். ஒரு யென் மீதியும் தரப்படுகிறது. சில்லறை இல்லை என்று மிட்டாய் தருவது கிடையாது. பேரம் கிடையாது, இனாமும் கிடையாது.

2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குத் தனிக் காசு. ஆகவே எல்லோரும் துணிப்பையோடு வருகிறார்கள். பணம் கட்டிய பின் ஓரமாக உள்ள நீளமான மேசைக்குப் போய் அவரவர் சரக்கை அவரவரே பையில் அடுக்கிக்கொள்கிறார்கள். இதனால் கல்லாவில் வரிசை தேங்குவதில்லை.

தட்டில் வைக்கும் 10,000 யென் நோட்டில் யார் படம் தெரியுமா? 2024 ஜூலை 3-ஆம் தேதி வெளிவந்த புதிய நோட்டில் ஷிபுசாவா எய்ச்சி என்பவரின் படம். அவர் அரசரல்லர், போர்வீரராகப் பெயர் பெற்றவருமல்லர். 1840-இல் பிறந்தவர். அவர் வீட்டில் விவசாயத்தோடு அவுரிச் சாய வியாபாரமும் நடந்தது. 1873-இல் ஜப்பானின் முதல் வங்கியை நடத்தத் தொடங்கி, சுமார் 500 நிறுவனங்களின் தோற்றத்தில் பங்கு கொண்டார். டோக்கியோ வணிகர் சபையை 1878-இல் அமைத்தவரும் அவரே. 1893-இல் நம் ஜம்சேட்ஜி டாடாவோடு பேசி, பம்பாயிலிருந்து பஞ்சு ஏற்றிவரும் கப்பல் வழி ஏற்பட உதவியவர். வணிகச் சங்கம் கண்ட ஒருவரை நாட்டின் மிகப் பெரிய நோட்டில் அச்சடித்திருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது எங்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

மாலையில் ஒட்டும் சீட்டு

மாலை நேரம் ஆனதும் கடை ஊழியர் ஒருவர் கையில் சீட்டுச் சுருளோடு வருவார். அன்றைக்கே விற்றாக வேண்டிய சமைத்த பண்டம், மீன், ரொட்டி இவற்றின் மேல் 20 சதவீதம் தள்ளுபடி, 30 சதவீதம் தள்ளுபடி என்று ஒட்டுவார். கடை மூடும் நேரம் நெருங்கினால் பாதி விலை. வாடிக்கையாளர்கள் அந்த நேரம் பார்த்தே வருகிறார்கள். சரக்கு குப்பைக்குப் போகாமல் காசாகிறது.

பாக்கெட்டுகளில் இரண்டு வகைத் தேதி உண்டு. ஒன்று, இந்தத் தேதிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது. மற்றொன்று, இந்தத் தேதி வரை ருசி குறையாது என்பது. பின்னது கடந்தால் பண்டம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. இரண்டையும் தனித்தனிச் சொல்லால் எழுதியிருப்பதால் குழப்பம் குறைகிறது.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு செய்தி. தயாரித்த நாளிலிருந்து காலாவதி நாள் வரை உள்ள காலத்தை மூன்றாகப் பிரித்து, முதல் பங்குக்குள் சரக்கு சில்லறைக் கடைக்கு வந்து சேரவேண்டும் என்பது அங்கே நெடுங்கால வழக்கம். ஆறு மாதச் சரக்கு என்றால் இரண்டு மாதத்துக்குள் இறக்கியாக வேண்டும். பிந்தினால் கடைக்காரர் வாங்கமாட்டார். இதனால் நல்ல சரக்கே திரும்பிப்போய் வீணாகிறது என்று அரசாங்கமே எடுத்துச் சொல்லி, பாதிக் காலம் வரை ஏற்கலாம் என்று பல கடைகள் இப்போது தளர்த்தி வருகின்றன. சீக்கிரம் சாப்பிடப் போகிறீர்களானால் முன்வரிசையில் உள்ளதை எடுங்கள் என்று அலமாரியில் எழுதியும் ஒட்டுகிறார்கள். பழைய இருப்பை முன்னே தள்ளி வைப்பது நமக்கும் தெரிந்ததே. ஆனால் அதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி ஒத்துழைப்புக் கேட்பது நமக்குப் புதிது.

அரிசி பட்ட பாடு

நாங்கள் போயிருந்த சமயத்தில் ஜப்பான் முழுதும் அரிசிப் பேச்சாகவே இருந்தது. ஓராண்டுக்கு முன் 5 கிலோ பை 2,000 யென்னை ஒட்டி விற்றது. 2025 மே மாதத்தில் சராசரி விலை 4,200 யென்னைத் தாண்டியது. நம் கணக்கில் கிலோ 500 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு ஒரு பைதான் என்று எழுதி வைத்த கடைகளும் உண்டு. வீட்டில் ஆதரவாளர்கள் கொடுத்த அரிசி நிறைய இருப்பதால் விலைக்கு வாங்கியதே இல்லை என்று பேசியதற்காக, விவசாய அமைச்சர் மே மாதம் பதவி விலக நேர்ந்தது.

அரசாங்கம் சேமிப்புக் கிடங்கிலிருந்த அரிசியை மார்ச் மாதம் முதல் ஏலத்தில் விட்டது. கூட்டுறவு அமைப்பு, மொத்த வியாபாரிகள், அவர்களுக்கு அடுத்த மொத்த வியாபாரிகள் என்று பல கை மாறிக் கடைக்கு வரத் தாமதமானது, விலையும் இறங்கவில்லை. மே கடைசியில் அரசாங்கம் ஏலத்தை விட்டுவிட்டுச் சில்லறைக் கடைகளுக்கே நேராகக் கொடுத்தது. 5 கிலோ 2,000 யென் அளவில் விற்றது. கடை திறக்கும் முன்பே நீண்ட வரிசை நின்றது.

இடைப்பட்ட மொத்த வியாபாரிகள் மேல் அப்போது ஊரே பழி சொல்லிற்று. அரிசியைத் தீட்டுவது, பிரிப்பது, பையில் அடைப்பது, ஏற்றி இறக்குவது இத்தனையும் செய்கிறவர்கள் அவர்கள்தாம். ஆனால் என்ன செய்கிறோம் என்பதை மக்கள் கண்ணில் காட்டாமல் இருந்துவிட்டால், நெருக்கடி வரும்போது இவர்கள் எதற்கு என்ற கேள்விதான் எழும். மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் இதைக் கவலையோடு பார்த்தோம்.

சாராயக் கடை மாறிய கதை

அங்கே தெருவுக்குத் தெரு கொன்பினி என்று சொல்லும் சிறு கடை இருக்கிறது. நாடு முழுதும் 55,000-க்குக் குறையாது. கடையின் பரப்பு நம் ஊர் நடுத்தர மளிகைக் கடையை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. அதற்குள் சுமார் 3,000 வகைச் சரக்கு. மின்கட்டணம் கட்டலாம், பார்சல் அனுப்பலாம், பணம் எடுக்கலாம், நகல் எடுக்கலாம். கல்லாவில் நிற்பவர்களில் நேபாளம், வியட்நாம் போன்ற நாடுகளிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் பலர்.

இது எப்படி வந்தது என்பதைக் கேளுங்கள். 1973-இல் ஜப்பான் அரசு பெரிய அங்காடிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. சிறு கடைக்காரர்களின் சங்கங்கள் போராடிப் பெற்ற பாதுகாப்பு அது. அதே சமயத்தில், எங்கள் வட்டத்துக்கு அடுத்த வட்டமான கோட்டோவில் தோயோசு என்ற இடத்தில், தந்தையார் வைத்திருந்த சாராயக் கடையை நடத்திவந்த ஓர் இளைஞர், இந்தப் புதுமுறைக்குத் தம் கடையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். 1974 மே மாதம் அது ஜப்பானின் முதல் செவன்-இலெவன் கடையாகத் திறக்கப்பட்டது. முதலில் வந்தவர் வாங்கியது ஒரு கூலிங்கிளாஸ் என்பார்கள். எந்தச் சரக்கு எந்த நேரத்தில் போகிறது என்று கணக்கு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சரக்கு இறக்கும் வழக்கம் இதிலிருந்து வளர்ந்தது.

பாதுகாப்புச் சட்டம் 2000-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 1982-இல் ஜப்பானில் சுமார் 17 லட்சம் சில்லறைக் கடைகள் இருந்தன. இன்று அதில் பாதியளவே மிஞ்சியிருக்கிறது. சட்டம் 25 ஆண்டுக்கு மேல் நிழல் கொடுத்தது. நிழலில் இருந்த காலத்தில் கடையைத் திருத்திக்கொண்டவர்கள் பலர் பிழைத்தார்கள். நிழலை நம்பி உட்கார்ந்தவர்கள் பலர் கதவைச் சாத்தினார்கள்.

கொன்பினி முறையிலும் கண்ணீர் இல்லாமல் இல்லை. பெரிய நிறுவனத்தின் பெயரை எடுத்து நடத்துபவர் லாபத்தில் பெரும் பங்கு கட்டவேண்டும், இரவு பகல் திறந்திருக்கவும் வேண்டியிருந்தது. 2019-இல் ஒசாகா அருகே ஒருவர் ஆள் கிடைக்காமல் இரவில் கடையை மூடியதால் பெரிய வழக்கு ஆயிற்று. இரவும் திறந்திருக்கும்படி நெருக்குவது முறையற்ற செயலாகலாம் என்று வணிக நியாய ஆணையம் 2020-இல் அறிக்கை வெளியிட்டது. பெரிய பெயரின் கீழ் போவதற்கு முன் நம் பிள்ளைகள் ஆழம் பார்க்கவேண்டும்.

அங்கேயும் கொசுறு உண்டு

இத்தனை வசதிக்கு நடுவிலும் ஒரு குறை இருந்தது. அங்காடியிலும் கொன்பினியிலும் மரியாதை குறைவில்லை. ஆனால் முப்பது நாள் போனாலும் முப்பதாம் நாள் வந்தவர்தான். பெயர் கேட்பாரில்லை.

அந்தக் குறை தீர்ந்தது சுனமாச்சி கின்சா என்ற பழைய கடைத்தெருவில். சுமார் 670 மீட்டர் நீளத்தில் 180 கடை அளவுக்கு நெருக்கமாக இருக்கும் குறுகிய தெரு. கூவி விற்கிறார்கள். பொரித்தது, ஊறுகாய், காய்கறி, செருப்பு எல்லாம் உண்டு. அங்கே ஒரு காய்கறிக் கடை அம்மாளிடம் கத்தரிக்காய் வாங்கினோம். மூன்றாவது முறை போனபோது அடையாளம் கண்டு சிரித்தார், காயோடு ஓர் இஞ்சித் துண்டையும் சேர்த்துப் போட்டார். காசு நீட்டியதற்குக் கையை அசைத்தார். அதற்கு அவர்கள் மொழியில் ஒமாகே என்று பெயராம், மகன் சொன்னார். நம் கொசுறுதான். ரயில் நிலையத்துக்கு வெகு அருகில் அங்காடி இருந்தும், அதன்பின் இருபது நிமிடம் நடந்து அந்தத் தெருவுக்கே போய் வந்தோம்.

பிள்ளைகள் தொழிலுக்கு வராததால் கதவு சாத்திய கடைத்தெருக்கள் ஜப்பானில் ஏராளம். நிற்கிற தெருக்களில் இந்த முகப்பழக்கம் இருக்கிறது.

ஒரே விலை

நிஹோம்பாஷியில் மிட்சுகோஷி என்ற பெரிய அங்காடி இருக்கிறது. 1673-இல் மிட்சுயி தகதோஷி என்பவர் எச்சிகோயா என்ற பெயரில் தொடங்கிய ஜவுளிக் கடையின் வழி வந்தது. அக்காலத்தில் ஜவுளி வியாபாரிகள் பெரிய மனிதர் வீடுகளுக்குத் துணியைத் தூக்கிப்போய்க் கடனுக்கு விற்று, ஆண்டுக்கு ஓரிரு முறை பணம் வாங்கினார்கள். வட்டியும் சேர்ந்து விலை ஏறி நிற்கும், ஆளுக்கொரு விலை. மிட்சுயி அதை மாற்றினார். கடைக்கு வாருங்கள், கையில் காசு, எல்லாருக்கும் ஒரே விலை என்றார். முழுப் பீஸாக அல்லாமல் வேண்டிய அளவு வெட்டிக் கொடுத்தார். சாதாரண மக்கள் திரண்டு வந்தார்கள். மற்ற வியாபாரிகள் எதிர்த்தார்கள். ஆனால் 350 ஆண்டு கழித்தும் அந்தக் கடையின் வாரிசு அங்கே நிற்கிறது.

அந்த ஒரே விலையின் பலனை அனுபவித்தவர்கள் நாங்கள். படிக்கத் தெரியாது, பேசத் தெரியாது, பேரம் பேச வழியில்லை. ஏமாற்ற நினைத்தால் எங்களை விட எளிதான ஆள் கிடையாது. மூன்று மாதத்தில் எங்களுக்குத் தெரிந்தவரை எங்களிடம் ஒரு யென்னும் யாரும் கூடுதலாக வாங்கவில்லை.

இன்று நம் கடைகளுக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். திருப்பூரானாலும் சென்னையானாலும் நாமக்கல் கோழிப்பண்ணைப் பக்கமானாலும், பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மாலையில் பை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. உருளைக்கிழங்கையும் கடுகெண்ணெயையும் விரலால் காட்டுகிறார்கள். அவர்களிடம் ஆள் பார்த்து விலை சொல்கிற கடைகள் நம்மிடையே இல்லை என்று யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. அந்த இரண்டு ரூபாய் லாபமல்ல. அவர்கள் மொழி தெரிந்தவுடன் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள், போகும்போது பத்துப் பேரையும் அழைத்துக்கொண்டு போவார்கள்.

பெரிய முதலீடு ஒன்றும் வேண்டியதில்லை. எல்லாச் சரக்குக்கும் பெரிய எண்ணில் விலை எழுதி வையுங்கள், எண் எல்லா மொழிக்கும் பொது. தராசின் எண் வாடிக்கையாளர் பக்கமும் தெரியட்டும். மொத்தத் தொகையைக் கால்குலேட்டரில் திருப்பிக் காட்டுங்கள். கல்லாவில் ஒரு தட்டு வையுங்கள், மீதியை எண்ணிக்காட்டிக் கொடுங்கள். நாளைக்கு நிற்காத காய்க்கு மாலையில் விலை குறைத்து எழுதுங்கள். இவ்வளவும் ஒரு நாள் வேலை.

அடுத்து, மூன்றாம் முறை வந்தவரைப் பார்த்துச் சிரியுங்கள். ஒரு கொத்து கறிவேப்பிலை கூடப் போடுங்கள். எழுதிய விலையை நம்பிப் புதியவர் வருவார், முகத்தைப் பார்த்துத் திரும்ப வருவார். முன்னதைப் பெரிய அங்காடியும் செல்போன் வியாபாரமும் செய்துவிடும். பின்னதைச் செய்ய நம் கடை ஒன்றுதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்கிற கடையை எந்த அங்காடி வந்தும் அசைத்துவிட முடியாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.